வேலை முடிந்து வந்தால் கடை மூடியிருக்கும்: நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்து மளிகை பற்றிய கேள்விகளும் பதில்களும்

நான் மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்காரி. பக்கத்து மருத்துவமனை ஒன்றில் தாதி. வீட்டுக்காரர் செம்பனைத் தோட்டத்தில் பழ லோரி ஓட்டுகிறார். கோவிட் காலத்தில் ‘வீட்டிலேயே இருங்கள்’ என்ற வார்த்தை எங்கள் இருவருக்கும் ஒருநாள்கூடப் பொருந்தவில்லை. போன மாதம் தங்கை மகள் பள்ளி ஒப்படைப்புக்காக அந்த நாட்களைப் பற்றிக் கேட்க ஆரம்பித்தாள். அவள் கேட்டவை, அவள் தோழிகள் கேட்டவை, கோலாலம்பூரில் உட்கார்ந்துகொண்டு “கடையில சாமானெல்லாம் இருந்துச்சே” என்று இன்றைக்கும் வாதாடும் என் அண்ணன் கேட்டவை எல்லாவற்றையும் சேர்த்து எழுதிவிட்டேன். வரிசை கொஞ்சம் முன்பின்னாக இருக்கும்.

நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை எப்போது தொடங்கி எப்போது முடிந்தது?

2020 மார்ச் 16, திங்கட்கிழமை இரவு பிரதமர் முஹிடின் யாசின் தொலைக்காட்சியில் அறிவித்தார். 18ஆம் தேதி புதன்கிழமை அமலுக்கு வந்தது. முதலில் மார்ச் 31 வரை என்றார்கள். பிறகு ஏப்ரல் 14, ஏப்ரல் 28, மே 12 என்று நீண்டுகொண்டே போனது. நடுவில் மே 4 முதல் நிபந்தனையோடு தளர்வு, ஜூன் 10 முதல் இன்னும் கொஞ்சம் தளர்வு. அடுத்த ஆண்டு ஜனவரி 13இல் சில மாநிலங்களில் மறுபடி ஆரம்பம், மே 12இல் நாடு முழுக்க, ஜூன் 1 முதல் முழு முடக்கம். சட்டப்படி இது 1988ஆம் ஆண்டுத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டத்தின் கீழ் போட்ட ஆணை. எங்கள் ஊர் வாயில் எல்லாமே ஒரே ‘பீக்கேப்பி’தான், இந்த ஆணையின் மலாய்ப் பெயர்ச் சுருக்கம் அது.

வெளியே வேலைக்குப் போனவர்கள் டாக்டரும் தாதியும் மட்டும்தானே?

இல்லை. பத்திரிகைப் படங்களில் நாங்கள்தான் இருந்தோம், அதனால் அப்படி ஒரு எண்ணம். எங்கள் தாமானில், அதாவது குடியிருப்பில், ஒரே வரிசையில் இருக்கும் ஏழு வீடுகளைச் சொல்கிறேன். நான் ஒருத்தி. பக்கத்து வீட்டு அக்கா மருத்துவமனையில் துப்புரவு வேலை, குத்தகைக்காரர் மூலமாக. அவருக்கு அடுத்த வீட்டு அங்கிள் தொழிற்சாலைக் காவலாளி. அதற்கடுத்த வீட்டில் கையுறைத் தொழிற்சாலைக்குப் பேருந்தில் போகும் இரண்டு பெண்கள். உலகம் போட்டுக்கொள்ளும் ரப்பர் கையுறையில் பாதிக்கு மேல் மலேசியாவில் செய்வது, அந்த நேரத்தில் அதை நிறுத்த முடியுமா? அப்புறம் குப்பை லோரியில் போகிற தம்பி ஒருவர், பெட்ரோல் நிலையத்தில் இரவு நிற்கும் பையன் ஒருவன். கடைசி வீட்டில் தோட்டத்தில் குலை வெட்டுகிறவர்.

தோட்டம் ஏன் திறந்திருந்தது என்று தங்கை மகள் கேட்டாள். செம்பனை மரத்துக்குத் தொற்றுநோய் தெரியாது. 10, 15 நாளுக்கு ஒருமுறை அந்த நிரைக்குப் போய்ப் பழுத்த குலையை இறக்கியாக வேண்டும். வெட்டிய பழம் 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போகாவிட்டால் எண்ணெயில் புளிப்பு ஏறித் தரம் இறங்கிவிடும். சமையல் எண்ணெய், சவர்க்காரம் இரண்டுமே அங்கிருந்துதான் வருகின்றன. சபாவில் சில மாவட்டங்களில் தொற்று காரணமாகத் தோட்டங்களைக் கொஞ்ச நாள் மூடச் சொன்னார்கள். இங்கே பிரட்டுக்களத்தில் ஒரு மீட்டர் இடைவெளி விட்டுப் பேர் வாசித்தார்கள், அவ்வளவுதான் மாற்றம். கங்காணி வழக்கத்தைவிடச் சத்தமாகக் கத்த வேண்டியிருந்தது.

கடையில் சாமான் இருந்தது, வரிசையில் நின்றால் கிடைத்தது. உங்களுக்கு மட்டும் என்ன கஷ்டம்?

இது அண்ணன் கேள்வி. சாமான் இருந்தது உண்மை. நாட்டில் அரிசி தீர்ந்துபோகவில்லை. ஆனால் கடையில் சாமான் இருக்கும் நேரமும் நாங்கள் கடையில் இருக்கக்கூடிய நேரமும் ஒன்றாக அமையவில்லை.

மார்ச் 17ஐ எடுத்துக்கொள்ளுங்கள். முந்தைய இரவுதான் அறிவிப்பு. எனக்கு அன்று காலை ஷிப்ட், 7 மணிக்கு வார்டில் இருக்க வேண்டும். 2 மணிக்கு முடிய வேண்டியது, ஆள் பற்றாமல் 5 மணி வரை இழுத்தது. ஊருக்குள் வந்தபோது பேரங்காடியில் ரொட்டி அடுக்கு துடைத்து வைத்த மாதிரி இருந்தது. மெகி இல்லை, சார்டின் இல்லை, முட்டை இல்லை. 10 கிலோ அரிசி மூட்டை இருந்த இடத்தில் சிந்திய நாலு அரிசிமணி. மிச்சம் இருந்தவற்றை இன்றும் மறக்கவில்லை: பிறந்தநாள் மெழுகுவத்தி, கேக்குக்குப் போடும் வண்ண மிட்டாய், ஊதுவத்தி. ஊதுவத்தி ஒரு பாக்கெட் வாங்கினேன், வெறுங்கையோடு திரும்ப மனம் வரவில்லை.

அன்று பகலில் வாங்கியவர்கள் யாரையும் நான் திட்டப்போவதில்லை. பயம் வந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன், லீவில் இருந்திருந்தால். ஆனால் மொத்தமாக வாங்கி அடுக்க இரண்டு வேண்டும்: பகல் நேரம், கையில் காசு. குறைந்தபட்சச் சம்பளம் அப்போதுதான், 2020 பிப்ரவரியில், பெரிய நகராட்சிப் பகுதிகளில் 1,200 வெள்ளியாக (ரிங்கிட்) ஏறியிருந்தது, மற்ற இடங்களில் 1,100. அதில் வீட்டு வாடகை, மோட்டார் தவணை, பள்ளிப் பேருந்து போக மாதத்தின் 17ஆம் தேதி கையில் என்ன இருக்கும்? கடைசி வீட்டுக் குலை வெட்டுகிறவர் அன்று 3 மணிக்கே வேலை முடித்துவிட்டார். நேரம் இருந்தது. பையில் 22 வெள்ளி இருந்தது.

காலை 8 முதல் இரவு 8 வரை கடை திறந்திருந்ததே. 12 மணி நேரம் போதாதா?

ஏப்ரல் 1 முதல் அந்த நேரம் வந்தது. தாளில் பார்த்தால் தாராளம். என் கணக்கைச் சொல்கிறேன். அந்தக் காலத்தில் எங்களுக்கு 12 மணி நேர ஷிப்ட் போட்டிருந்தார்கள், காலை 7 முதல் மாலை 7 வரை. பாதுகாப்பு உடையைக் கழற்றிக் குளித்துக் காருக்கு வரும்போது 7.40. சாலைத்தடுப்பு ஒன்று, கடிதத்தைக் காட்ட வேண்டும். கடை வாசலில் போய் நிற்கும்போது இரும்புக் கதவு பாதி இறங்கியிருக்கும். உள்ளே இருக்கிற பெண் கையை ஆட்டுவாள். அவளையும் குறை சொல்ல முடியாது. 8 மணிக்கு மேல் திறந்திருந்தால் கடைக்கு அபராதம். அவளும் காலையிலிருந்து நின்றுகொண்டிருப்பவள், அவள் வீட்டுக்கும் யாரோ சமைக்க வேண்டும்.

இரவு ஷிப்ட் என்றால் காலையில் வாங்கலாமே என்பார்கள். வாங்கலாம். விடிய விடிய நின்ற காலோடு கடைக்கு வெளியே ஐந்தடி நடைபாதையில் ஒரு மணி நேரம் நிற்கலாம். நான் இரண்டு தடவை செய்தேன். இரண்டாம் தடவை வரிசையிலேயே தூங்கிச் சரிந்து, முன்னால் நின்ற சீன ஆண்ட்டியின் தள்ளுவண்டி மேல் சாய்ந்துவிட்டேன். அந்த அம்மா பதறிப்போய்த் தன் இடத்தைக் கொடுத்தார்.

அதோடு இரவுச் சந்தை மூடியாகிவிட்டது. இதை வெளியூர்க்காரர்கள் கவனிப்பதே இல்லை. எங்களைப் போன்ற ஊரில் வேலைக்குப் போகிறவர்களின் காய்கறிக் கடையே பாசார் மாலாம்தான். சாயங்காலம் 5, 6 மணிக்கு மேல்தானே அது களை கட்டும்? வேலை முடித்துக் குளித்துவிட்டுப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போவோம், ஒரு வாரத்துக் கீரை, மீன், கோழி, நாலு அப்பாம் பாலிக் எல்லாம் ஒரே நடையில் முடிந்துவிடும். அது முதல் நாளே போனது.

குடும்பத்துக்கு ஒருவர், 10 கிலோமீட்டர் என்ற விதி தோட்டத்தில் எப்படி வேலை செய்தது?

ஏப்ரலில் குடும்பத் தலைவர் ஒருவர் மட்டும், வீட்டிலிருந்து 10 கிலோமீட்டருக்குள் போய் வாங்கலாம் என்பது விதி. டவுனில் இருப்பவருக்கு 10 கிலோமீட்டருக்குள் நாலு பேரங்காடி. என் மாமியார் வீடு இருக்கும் தோட்டத்தில் உள்ளே மண் சாலையே பாதித் தூரம். மெயின் ரோட்டுக்கு வந்து டவுன் கடையைத் தொடும்போது 10ஐத் தாண்டிவிடும். சாலைத்தடுப்பில் நின்றவர் ஒருநாள் விடுவார், ஒருநாள் திருப்பி அனுப்புவார். ஒருமுறை திருப்பி அனுப்பப்பட்ட மச்சான், மோட்டாரை ரப்பர் நிரை வழியாக விட்டு வந்து அரைக் கிலோ வெங்காயத்தோடு திரும்பினார். அதைச் சாதனை போல இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். அபராதம் 1,000 வெள்ளி ஆகியிருக்கும் என்று நான் சொன்னால் முகம் மாறும்.

குடும்பத் தலைவர் என்றதும் ஆண்கள் கிளம்பிவிட்டார்கள், அது இன்னொரு கூத்து. எங்கள் வீட்டில் சோம்பு கேட்டால் சீரகம் வந்தது. கொத்தமல்லித் தழை கேட்டால் சூப்புத் தழை வந்தது. கடைக்குள் ஆண்கள் ஆளுக்கொரு அடுக்கின் முன் நின்று கைப்பேசியில் படம் எடுத்து மனைவிக்கு அனுப்பிக்கொண்டு நின்றதில் வரிசை இன்னும் மெதுவானது. கடைக்காரர் எனக்குச் சொன்னார் (தாதியை இங்கே ‘மிஸ்ஸி’ என்பார்கள்): “மிஸ்ஸி, பொம்பளைங்க வந்தா பத்து நிமிஷம். இவங்க வந்தா எனக்கு ஒரு யுகம்.”

சீருடையோடு கடைக்குப் போனால் மரியாதை கிடைத்ததா?

இரண்டும் கிடைத்தது. ஒருநாள் காவலாளி என் வெள்ளை உடையைப் பார்த்து “மிஸ்ஸி, நீங்க முன்ன போங்க” என்றார். அதே வாரம் இன்னொரு கடையில் எனக்கு முன்னால் நின்ற பெண் மூன்று அடி தள்ளிப் போய், பிள்ளையையும் இழுத்துக்கொண்டார். காசை மேசையில் வைக்கச் சொல்லிக் கிருமிநாசினி தெளித்தார் கடைக்காரர். அதற்குப் பிறகு மேலே ஒரு பழைய டீசட்டை போட்டுக்கொண்டுதான் போனேன். தொற்று பரவாமல் இருக்கவும் அதுதான் சரி, சீருடையோடு வெளியே சுற்றுவது தப்பு. ஆனால் நான் டீசட்டை போட்ட காரணம் அது இல்லை என்பதை இங்கே ஒத்துக்கொள்கிறேன்.

என்னென்ன சாமான் உண்மையிலேயே கிடைக்கவில்லை?

முதல் வாரம் ரொட்டி, முட்டை, மெகி. ரொட்டி வண்டி வரும் நேரத்தைத் தெரிந்துவைத்தவர்கள் வாசலிலேயே வாங்கிப் போனார்கள். 2 வெள்ளி 50 காசுக்கு விற்கும் 1 கிலோ பாக்கெட் எண்ணெய் அடிக்கடி காணாமல் போகும். போத்தல் எண்ணெய் இருக்கும், ஆனால் விலை வேறு. வசதி குறைந்தவர்களுக்காக மானியத்தில் வந்த பாக்கெட்டைப் பகலில் வந்தவர்கள் எடுத்துக்கொள்ள, சாயங்காலம் வந்த துப்புரவு அக்கா போத்தல் எண்ணெய் வாங்கினார். முகக்கவரிக்கும் தட்டுப்பாடு. விலைக் கட்டுப்பாடே மார்ச்சில் ஒன்றுக்கு 2 வெள்ளி, ஏப்ரலில் 1 வெள்ளி 50 காசு. அதை வாங்குகிற காசில் ஒரு கட்டுக் கீரை வாங்கிவிடலாம்.

வெங்காயக் கதை தனி. நம் வீட்டுப் பெரிய வெங்காயத்தில் பெரும்பங்கு இந்தியாவிலிருந்து வரும். அங்கே 2019 செப்டம்பர் கடைசியில் ஏற்றுமதிக்குத் தடை போட்டிருந்தார்கள். 2020 மார்ச் 15இல்தான் தடை நீங்கியது. அப்பாடா என்று பத்து நாள் ஆகவில்லை, மார்ச் 25 முதல் இந்தியா முழுக்க முடக்கம், துறைமுகத்தில் ஆள் இல்லை. செப்டம்பரில் மறுபடி தடை. பருப்பும் பொன்னி அரிசியும் அதே வழியில் வருபவைதான். என் மாமியார் வெங்காயம் இல்லாமல் மீன் குழம்பு வைத்துவிட்டு ஒரு வாரம் எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டார்.

இன்னொன்று சொன்னால் நம்பமாட்டீர்கள். எங்கள் டவுனில் முட்டைக்கோஸ் இல்லை என்று தேடிய அதே மார்ச் மாதம், எங்கள் மாநிலத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் கேமரன் மலையில் விவசாயிகள் காய்கறியை டன் கணக்கில் கொட்டினார்கள். சந்தை மூடல், லோரிக் கட்டுப்பாடு, உணவகங்கள் வாங்குவதை நிறுத்தியது எல்லாம் சேர்ந்து மலைமேல் அழுகியது. கீழே நாங்கள் வரிசையில் நின்றோம். தக்காளி சிவப்பாகக் குவிந்து கிடந்த அந்தப் படத்தை வார்டில் சாப்பாட்டு நேரத்தில் பார்த்தோம், யாரும் பேசவில்லை.

அப்படியானால் எப்படித்தான் சமாளித்தீர்கள்?

555 புத்தகத்தால். இந்தத் தலைமுறைக்குத் தெரியாமல் இருக்கலாம். உள்ளங்கை அளவில் ஒரு சின்னக் குறிப்புப் புத்தகம், அட்டையில் 555 என்று போட்டிருக்கும். தோட்டத்துக் கடன் கணக்கெல்லாம் அதில்தான். சம்பளத்தன்று கடைக்குப் போய்க் கட்டுவது, மறுநாளே புதுப் பக்கம் தொடங்குவது. என் அப்பா அந்தப் புத்தகத்தை வெறுத்தார். அவரைப் பொறுத்தவரை அது தலைமுறை தலைமுறையாகக் கழுத்தில் கட்டிய கயிறு. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம், இனி நம் வீட்டில் 555 கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியவர்.

அந்தச் சத்தியத்தை 2020 ஏப்ரல் முதல் வாரம் உடைத்தேன். டவுனுக்கு உள்சந்தில் ஒரு தமிழர் மளிகைக் கடை, பழைய கடை. பேரங்காடி வந்தபிறகு ஆள் குறைந்து, பூஜைச் சாமானும் கருவாடும் விற்றுக்கொண்டிருந்தது. ஒருநாள் 8 மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது ஓடினேன். முதலாளி கதவை இழுத்துக்கொண்டிருந்தார். என் கோலத்தைப் பார்த்தவர் உள்ளே விடவில்லை, ஆனால் கேட்டார்: “மிஸ்ஸி, தினம் இப்படி ஓடி வந்தா எப்படி? காலைலயே எழுதி அனுப்பிடுங்க. கட்டி வைக்கிறேன். காசு சம்பளத்துக்குக் கொடுங்க.”

அப்படித்தான் தொடங்கியது. மதியம் 12க்குள் வாட்ஸ்அப்பில் பட்டியல். அவர் மகன் பையில் கட்டி, பேர் எழுதிய அட்டைத் துண்டைக் குத்தி, காலை வேலைக்குப் போகிற ஆளுக்குக் காலையிலும் இரவு வருகிற ஆளுக்கு மாலையிலும் என்று பிரித்துவைப்பார். எங்கள் வரிசையில் யார் 8 மணிக்கு முன்னால் டவுன் பக்கம் வருகிறார்களோ அவர் எல்லார் பையையும் எடுத்துவந்து அவரவர் கேட்டில் மாட்டிவிடுவார். பெரும்பாலும் அது காவலாளி அங்கிள்தான், அவர் ஷிப்ட் 6 மணிக்கு முடியும். தோட்டத்துக்குப் போகும் பைகளை, பழம் இறக்கிவிட்டு வெறும் லோரியோடு திரும்பும் என் வீட்டுக்காரர் கொண்டுபோனார். இரண்டே வாரத்தில் ஏழு வீடு முப்பது வீடானது.

எல்லாம் சுமுகமாக நடந்தது என்று நினைக்காதீர்கள். தோட்டத்துக் கிழவிகளுக்கு எழுதத் தெரியாது, குரல் செய்தி அனுப்புவார்கள். பின்னால் தொலைக்காட்சி அலறும், சேவல் கூவும், நடுவில் பேரனைத் திட்டுவார்கள். “ரெண்டு கட்டு” என்று கேட்கும், என்ன கட்டு என்று கேட்காது. ஒருநாள் எனக்கு வந்த பையில் பாம்பர்ஸும் செரலாக்கும் இருந்தன, எங்கள் வீட்டுக் கடைக்குட்டிக்கு அப்போது 14 வயது. என் கத்தரிக்காயும் நெத்திலியும் குழந்தை வீட்டுக்குப் போய்விட்டன. இரவு 9 மணிக்கு வேலி வழியாக மாற்றிக்கொண்டோம், முகக்கவரியோடு, கடத்தல்காரர்கள் மாதிரி.

மற்றபடி கொல்லை. முருங்கை, பப்பாளிக்காய், மரவள்ளி, கால்வாய் ஓரத்தில் முளைக்கும் ‘பாக்கு’ எனும் பெரணித் தழை. அந்தத் தமிழ்ப் புத்தாண்டுக்கு, ஏப்ரல் 14, பச்சடிக்கு மாங்காய் பக்கத்து வீட்டு மரத்திலிருந்து வந்தது. வேப்பம்பூ கோயில் மரத்திலிருந்து. கோயில் பூட்டியிருந்தது, கிளை மதிலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

மருத்துவமனைக்கு நிறையப் பேர் சாப்பாடு அனுப்பினார்களே?

அனுப்பினார்கள். நாசி லெமாக், பிஹூன், கோழிச் சோறு என்று மதியத்தில் பொட்டலம் குவியும். நல்ல மனதோடு கொடுத்தது, நன்றியோடு சாப்பிட்டோம். ஆனால் யோசித்துப் பாருங்கள். வார்டில் எனக்கு மூன்று பொட்டலம் மிச்சம், வீட்டில் பிள்ளைகளுக்கு முட்டை இல்லை. வார்டுக்குள் வந்த பொட்டலத்தை வீட்டுக்குக் கொண்டுபோக மனம் துணியாது, என்ன தொற்றிக்கொண்டு வருமோ என்ற பயம். ஒருமுறை ஒரு பெண், யார் என்றே தெரியாது, சமைத்த சாப்பாட்டுக்குப் பதிலாக ஆளுக்கு ஐந்து முட்டை, அரைக் கிலோ வெங்காயம், ஒரு சின்னப் பாக்கெட் எண்ணெய் போட்ட பையைக் கார் நிறுத்துமிடத்தில் கொடுக்கச் சொல்லி அனுப்பியிருந்தார். அவர் வீட்டில் நிச்சயம் ஷிப்ட் வேலைக்காரர் யாரோ இருக்கிறார்.

அரசாங்க உதவிப் பணம் போதுமானதாக இருந்ததா?

2020 மார்ச் 27இல் பிரிஹாத்தின் திட்டத்தை அறிவித்தார்கள். மாத வருமானம் 4,000 வெள்ளிக்குள் உள்ள குடும்பத்துக்கு 1,600 வெள்ளி, ஏப்ரலில் 1,000, மே மாதம் 600. எங்களைப் போன்ற மருத்துவப் பணியாளருக்கு மாதம் 600 வெள்ளி சிறப்பு அலவன்ஸ். கை கொடுத்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். கடைசி வீட்டுக்காரருக்கு 1,000 வெள்ளி வந்த அன்று நேரே கடைக்குப் போய் 555இல் இருந்த 380 வெள்ளியைக் கட்டினார். முதலாளி சொன்னார், அந்த வாரம் அவர் கடையில் வசூலானது எல்லாமே பழைய பாக்கிதான்.

தோட்டத்தில் இருந்த வெளிநாட்டுத் தொழிலாளர்கள்?

அந்தப் பணம் குடிமக்களுக்கு மட்டும். வங்காளதேசி, இந்தோனேசியர், தமிழ்நாட்டிலிருந்து வந்த பிள்ளைகள் யாருக்கும் இல்லை. வெளியே போனால் தாள் கேட்பார்கள் என்று குடியிருப்பைவிட்டே வரவில்லை. வாரம் ஒருமுறை தோட்ட லோரி ஒன்று அவர்களுக்காக டவுனுக்குப் போய்வரும். அரிசி, பருப்பு, உருளைக்கிழங்கு, அதே மூன்று சாமான்தான் ஒவ்வொரு வாரமும். தஞ்சாவூர்ப் பக்கத்துத் தம்பி ஒருவன் என் வீட்டுக்காரரிடம் கேட்டது புளி. வேறு ஒன்றும் வேண்டாம் அண்ணே, புளி மட்டும் என்றான்.

பாட்டி, “இதெல்லாம் ஒரு கஷ்டமா?” என்கிறார். அவர் காலத்தில் என்ன நடந்தது?

பாட்டி சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஜப்பான்காரன் மலாயாவை ஆண்ட காலத்தில் அரிசியைக் கண்ணால் பார்ப்பதே அரிது, மரவள்ளிக் கிழங்குதான் மூன்று வேளையும். அதற்குப் பிறகு அவசரகாலம். அது தொடங்கியதே எங்கள் ஊரில்தான். 1948 ஜூன் 16இல் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார்களைச் சுட்டுக் கொன்றார்கள், அதையொட்டி அவசரகாலப் பிரகடனம் வந்தது. காட்டில் இருந்த கம்யூனிஸ்டுகளுக்கு உணவு போய்ச் சேரக்கூடாது என்று பிரிட்டிஷார் சோற்றையே கட்டுப்படுத்தினார்கள். அரிசி அளந்து கொடுத்தார்கள். டின் சாமான் வாங்கினால் கடைக்காரர் அங்கேயே ஓட்டை போட்டுத்தான் தர வேண்டும், பதுக்கிவைக்க முடியாதபடி. ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிறவர்கள் சோற்றுப் பாத்திரம் எடுத்துப் போகக்கூடாது, வாசலில் சோதனை. வெறும் வயிற்றோடு விடியற்காலையில் போய் மதியம்தான் சாப்பாடு.

பாட்டியிடம் ஒன்று கேட்டேன். அப்போது எல்லாருக்கும் ஒரே அளவுதானே, முன்னால் வந்தவர் மூட்டையாக அள்ளிப் போக முடியாதே என்று. கொஞ்ச நேரம் யோசித்தார். “அது சரி” என்றார். அப்புறம், “ஆனா தோட்டத்துக் கணக்கெழுதுற கிராணி வீட்டுக்கு மட்டும் எப்பவும் கூடத்தான் போச்சு” என்றார்.

வெளிநாட்டில் தாதிகளுக்குத் தனி நேரம் ஒதுக்கினார்களாமே? இங்கே ஏன் இல்லை?

பிரிட்டனில் அதே மார்ச் மாதம் ஒரு தாதி, நீண்ட ஷிப்ட் முடித்துக் கடைக்குப் போய்க் காயும் பழமும் கிடைக்காமல் காருக்குள் அழுத காணொளி உலகம் முழுக்கச் சுற்றியது. எங்கள் வார்டிலும் கைப்பேசி கைப்பேசியாகப் போனது. ஆங்கிலம் முழுதும் புரியாத ஆயாகூட அழுதார். அதையொட்டி அங்கே பெரிய பேரங்காடிகள் மருத்துவப் பணியாளர்களுக்கு எனத் தனி நேரம் விட்டன, வேலை அட்டையைக் காட்டினால் போதும். இங்கேயும் பெரிய நகரங்களில் சில கடைகள் முன்களப் பணியாளருக்கு முன்னுரிமை கொடுத்தன.

எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. காலை 8 முதல் 9 வரை தாதிக்கு என்றால், அந்த நேரம் நான் வார்டில் மருந்து வண்டி தள்ளிக்கொண்டிருப்பேன். அட்டை கேட்டால் என்னிடம் இருக்கும். துப்புரவு அக்காவிடம் குத்தகைக்காரர் கொடுத்த, எழுத்து அழிந்த ஒரு அட்டை. குலை வெட்டுகிறவரிடம் அரிவாள்தான் இருக்கும். எங்கள் சந்துக் கடை முதலாளி யாரிடமும் அட்டை கேட்கவில்லை, யார் எத்தனை மணிக்கு வீடு திரும்புவார் என்பது அவருக்குத் தெரியும். பெரிய கடை அதைத் தெரிந்துகொள்ள வழியில்லை, நியாயம்தான். ஆனால் சாமானில் ஒரு பங்கை மாலை 6 மணிக்கு மேல் அடுக்கில் வைத்திருக்கலாம். அதற்கு எந்த அட்டையும் தேவைப்பட்டிருக்காது.

2021இல் நிலைமை பரவாயில்லையா?

சாமான் பிரச்சினை குறைந்துவிட்டது. கடைகளுக்கும் பழகிவிட்டது, இரண்டு பேர் போகலாம் என்றும் ஆனது. ஆனால் காசு தீர்ந்திருந்தது. ஜூன் முழு முடக்கத்தில் கையுறைப் பெண்களில் ஒருத்திக்கு வேலை போனது, அவள் கணவனுக்கு முன்பே போயிருந்தது. ஜூன் கடைசி, ஜூலையில் நாடு முழுக்க வீட்டு வாசலில் வெள்ளைக் கொடி கட்டினால் உதவி கிடைக்கும் என்று ஒரு வழக்கம் பரவியது. எங்கள் வரிசையில் யாரும் கட்டவில்லை. கட்டியிருக்க வேண்டியவர்கள் இருந்தார்கள். துப்புரவு அக்கா ஒருநாள் வெள்ளைத் துண்டு ஒன்றைக் கேட்டில் காயப்போட்டுவிட்டு, நாங்கள் பையோடு ஓடி வந்ததும் தலையில் அடித்துக்கொண்டு எடுத்தார். பையை மட்டும் திருப்பித் தரவில்லை.

உங்கள் அப்பா 555 பற்றி என்ன சொன்னார்?

அவரிடம் சொல்லவில்லை. மே மாதம் வீட்டுக்கு வந்தவர், மைக்ரோவேவ் மேல் அதைப் பார்த்துவிட்டார். எடுத்துப் புரட்டினார். கூட்டலில் ஒரு இடத்தில் 3 வெள்ளி தப்பு என்று கண்டுபிடித்தார், நமக்குச் சாதகமாக. “நாளைக்கே சொல்லிடு” என்றார்.

அந்தக் கடையில் இன்னும் பை கட்டிக் கொடுக்கிறார்களா? நான் இரவு ஷிப்ட்காரர்.

கொடுக்கிறார்கள். ஞாயிறு கிடையாது. பட்டியலை மதியம் 12க்குள் அனுப்புங்கள், எத்தனை மணிக்கு எடுக்க வருவீர்கள் என்றும் சேர்த்து. இப்போது முதலாளிக்குக் கண் சரியில்லை, மகன்தான் பார்க்கிறார், அதனால் எழுதியே அனுப்பலாம். குரல் செய்தி என்றால் தொலைக்காட்சியை அணைத்துவிட்டுப் பேசுங்கள்.